பராமரிப்பவர் எல்லாரும் செவிலியர் அல்லர்

ஊசி போடுபவர், உடம்பு துடைத்துவிடுபவர், வீல்சேர் தள்ளுபவர், வீட்டோடு தங்கிப் பெரியவரைப் பார்த்துக்கொள்பவர் என்று நோயாளியின் அருகில் நிற்கும் எல்லாரும் நர்ஸ்தான் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் ஆழ வேரூன்றியிருக்கிறது. அதோடு இன்னொரு எண்ணமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டாக்டர் சொல்வதைச் செய்வதுதான் நர்ஸ் வேலை. இரக்க மனசும் ஊசி போட்டுப் பழகிய கையும் இருந்தால் யார் வேண்டுமானாலும் அதைச் செய்யலாம். அதற்கு நாலு வருஷப் படிப்பு எதற்கு? படித்த குடும்பங்களிலும் சர்வசாதாரணமாகக் கேட்கும் பேச்சு இது. மருத்துவமனை நடத்துபவர்களில் சிலர் இதை வாய்விட்டுச் சொல்லாமல், இதன்படியே ஆள் எடுக்கிறார்கள். இந்த எண்ணம் தவறானது. நோயாளியின் உயிரோடு விளையாடுவது.

செவிலியரையும் பராமரிப்புப் பணியாளரையும் வேலைப் பட்டியலை வைத்துப் பிரிக்க முடியாது. ஒரே வேலையை இருவரும் செய்யலாம். அந்த வேலையின்போது நோயாளியிடம் எதைக் கவனிக்க வேண்டும், கண்டதற்கு என்ன பொருள், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பது செவிலியரின் கடமை. அந்த முடிவுக்குச் சட்டத்தின் முன் பதில் சொல்லும் பொறுப்பும் அவருடையது. இந்த எல்லைக்கோடு அழிந்தால் நோயாளி, செவிலியர், பராமரிப்புப் பணியாளர் ஆகிய மூவரும் பாதிக்கப்படுகிறார்கள்.

படிப்பும் பதிவும்

இந்தியாவில் செவிலியர் ஆவதற்கான வழிகள் தெளிவாக வரையறுக்கப்பட்டவை. பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டுப் பட்டப்படிப்பு. ஜி.என்.எம். என்ற டிப்ளமா 3 ஆண்டு. ஏ.என்.எம். 2 ஆண்டு, துணை சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளின் தடுப்பூசியையும் கவனிக்கும் கிராம சுகாதாரச் செவிலியரின் அடிப்படைப் பயிற்சி இதுதான். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், மருந்தியல், ஊட்டச்சத்து, மனநலம், குழந்தை நலம், மகப்பேறு என்று பாடங்கள் விரிகின்றன. வகுப்பறை நேரத்துக்கு நிகராக வார்டில் பயிற்சி நேரமும் உண்டு. தேர்வில் தேறிய பின்னும் மாநில நர்சிங் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்த பிறகே ஒருவர் செவிலியராகப் பணியாற்றலாம்.

இந்த ஏற்பாட்டுக்குத் தமிழ்நாட்டில் நீண்ட வரலாறு இருக்கிறது. மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்குச் சென்னையில் 1854இல் அரசு அனுமதி அளித்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். நாட்டின் முதல் நர்சிங் பட்டப்படிப்புகள் 1946இல் வேலூரிலும் டெல்லியிலும் வந்தன. செவிலியர், மருத்துவச்சிகள் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1926இலேயே இயற்றிவிட்டது. இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947இல் வந்தது. அதன் இடத்தை எடுத்துக்கொள்ளும் வகையில் தேசிய நர்சிங் மற்றும் மிட்வைஃபரி ஆணையச் சட்டம் 2023இல் நிறைவேறியது. யாரை நம்பி நோயாளியை ஒப்படைக்கலாம் என்ற கேள்விக்குப் பதிவேட்டின் மூலம் பதில் சொல்ல முயன்ற நூற்றாண்டு உழைப்பு இது.

பராமரிப்புப் பணியாளர்களுக்கு இப்படி ஒரே பாதை கிடையாது. அரசு மருத்துவமனையில் பல்நோக்கு மருத்துவமனைப் பணியாளர்; மக்கள் வாயில் ஆயாம்மா, வார்டு பாய். தனியாரில் நர்சிங் அசிஸ்டென்ட், பேஷன்ட் கேர் அட்டெண்டென்ட். வீட்டுக்கு வந்தால் ஹோம் நர்ஸ், கேர்டேக்கர். திறன் மேம்பாட்டுத் திட்டங்களின் கீழ் ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், ஹோம் ஹெல்த் எய்டு போன்ற குறுகிய காலப் பயிற்சிகள் இருக்கின்றன. எந்தப் பயிற்சியும் இல்லாமல் நேரடியாக வேலைக்கு வருபவர்களும் ஏராளம். உணவு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, பெட்பேன் வைத்து எடுப்பது, துணி மாற்றுவது, எழுப்பி உட்காரவைப்பது, பேச்சுத்துணையாக இருப்பது, மாற்றம் தெரிந்தால் சொல்வது ஆகியவை இவர்களின் வேலை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2008ஆம் ஆண்டுத் தொழில் வகைப்பாடு, செவிலியரை மருத்துவர், பொறியாளர், ஆசிரியர் ஆகியோர் இருக்கும் 2ஆம் பெரும்பிரிவில் வைக்கிறது. மருத்துவமனை உதவியாளரையும் வீட்டுப் பராமரிப்பாளரையும் 5ஆம் பெரும்பிரிவான சேவைப் பணிகளில் வைக்கிறது. இரண்டும் தேவையான தொழில்கள். இரண்டும் வெவ்வேறு தொழில்கள்.

ஒரே வேலை, இரண்டு பார்வை

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிடுவதை எடுத்துக்கொள்ளலாம். இதைவிட எளிய வேலை எது என்று தோன்றும். நன்றாகப் பழகிய ஓர் ஆயாம்மா, பல செவிலியரைவிடப் பதமாக, நோயாளி கூச்சப்படாதபடி இதைச் செய்துவிடுவார். உடம்பு சுத்தமாகிறது, நோயாளிக்கு இதமாக இருக்கிறது. அந்த வேலை அங்கே நிறைவாக முடிகிறது.

செவிலியர் துடைக்கும்போது அதே பத்து நிமிடத்தில் பரிசோதனையும் நடக்கிறது. நோயாளியைப் பக்கவாட்டில் திருப்பியதும் இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறார். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுக்கிறார். அழுத்திய இடம் வெளுத்து மீண்டும் சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப் புண்ணின் முதல் நிலை தொடங்கிவிட்டது. குதிகால், இடுப்பெலும்பு, தோள்பட்டை என்று அழுத்தம் விழும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். உணர்ச்சி, ஈரம், நடமாட்டம், உடலசைவு, உணவு, உராய்வு என்ற ஆறு கூறுகளுக்கு மதிப்பெண் போடும் பிரேடன் அளவுகோலின்படி ஆபத்தைக் கணக்கிடுகிறார். மொத்தம் 23இல் 18 அல்லது அதற்குக் கீழே வந்தால் புண் வரும் வாய்ப்பு அதிகம். எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டுவது, எந்த மெத்தை போடுவது, புரதம் எவ்வளவு கூட்டுவது, சிறுநீர்க் கசிவுக்கு என்ன வழி என்று திட்டம் எழுதுகிறார். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்குமோ என்று மருத்துவரை அழைக்கிறார். அந்தக் காலை நீவிவிடக் கூடாது என்று அருகில் இருப்பவர்களை எச்சரிக்கிறார்.

புண் வந்த பிறகு கட்டுப் போடுவது எல்லார் கண்ணுக்கும் தெரியும். புண் வராமல் காத்தது யாருக்கும் தெரிவதில்லை. செவிலியர் பணியின் பெரும்பகுதி இப்படி நடக்காமல் தடுக்கப்பட்ட கேடுகளால் ஆனது என்பதால்தான் அது வெறும் கைவேலையாகத் தோற்றம் தருகிறது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியர் அருணா ஷான்பாக், 1973இல் நடந்த தாக்குதலில் மூளை பாதிக்கப்பட்டுப் படுக்கையில் விழுந்தார். 2015இல் இறக்கும்வரை, 40 ஆண்டுகளுக்கும் மேலாக, அந்த மருத்துவமனைச் செவிலியர்கள் தலைமுறை தலைமுறையாக அவரைப் பார்த்துக்கொண்டார்கள். கருணைக்கொலை வழக்கில் 2011இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் அவர்களின் பணியை மனம் திறந்து பாராட்டியது. அத்தனை ஆண்டுகள் ஓர் உடலைப் புண் பிடிக்காமல் காத்தது அன்பு என்று சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். அன்பு இருந்தது. அந்த அன்புக்குப் பின்னால் படிப்பும், முறையும், ஒவ்வொரு ஷிப்டிலும் எழுதி ஒப்படைத்த குறிப்புகளும் இருந்தன.

மருந்து கொடுப்பதும் மருந்தை நிறுத்துவதும்

"ஊசிதானே, யார் போட்டால் என்ன" என்ற பேச்சுக்கு இன்சுலின் ஒன்றே போதுமான பதில். இந்தியாவில் விற்கும் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட் அடர்த்தி கொண்டவை. பேனா வகைக்கான கார்ட்ரிட்ஜ்களில் ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கும். 40 அடர்த்திக்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100 அடர்த்திக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இரண்டும் மெடிக்கல் ஷாப்பில் அடுத்தடுத்த டப்பாக்களில் இருப்பவை.

மருத்துவர் 20 யூனிட் எழுதியிருக்கிறார். 40 அடர்த்திக் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான், சர்க்கரை இறங்காது. மாறாக, 100 அடர்த்தி மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். எழுதியதைப் போல இரண்டரை மடங்கு. சில மணி நேரத்தில் வேர்த்துக்கொட்டி, நினைவு தவறி, உயிரே போகலாம். இரண்டிலும் ஊசி குத்திய கை ஒரே மாதிரி லாகவமாகத்தான் இருந்திருக்கும். பிழை கணக்கில் நடந்திருக்கிறது.

கணக்கு சரியாக இருந்தாலும் செவிலியரின் வேலை முடிவதில்லை. காலை ஊசி நேரம் வந்துவிட்டது. நோயாளி குமட்டுகிறது என்று இட்லியைத் தொடவில்லை. விரல் நுனியில் பார்த்த சர்க்கரை 80. எழுதியபடி ஊசியைப் போட்டுவிடுவது கீழ்ப்படிதல். ஊசியை நிறுத்திவைத்து, ட்யூட்டி டாக்டரிடம் சொல்லி, மாற்று உத்தரவு வாங்கி, கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதுவது செவிலியர் பணி. இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்சின் மாத்திரைக்கு முன்னால் ஒரு நிமிடம் முழுக்க இதயத் துடிப்பை எண்ணி, 60க்குக் கீழே இருந்தால் மாத்திரையைக் கொடுக்காமல் மருத்துவரைக் கேட்பதும் அப்படித்தான். டாக்டர் சொன்னதை அப்படியே செய்பவர் நர்ஸ் என்ற எண்ணம் இந்த இடத்தில் நொறுங்குகிறது. உத்தரவு எழுதியபோது இருந்த நோயாளியும், மருந்து கொடுக்கும் நேரத்தில் இருக்கும் நோயாளியும் ஒரே நிலையில் இருக்கிறார்களா என்று சரிபார்க்கும் கடைசிக் காவல் செவிலியர். பயிற்சி இல்லாதவரிடம் மருந்துத் தட்டைக் கொடுத்தால் அந்தக் காவல் இல்லாமல் போகிறது.

இரவு இரண்டு மணி

மருத்துவர் வார்டுக்கு வந்து ஒரு நோயாளியிடம் செலவிடுவது சில நிமிடங்கள். மீதி நேரம் முழுக்க நோயாளியின் நிலையைக் கவனிப்பது செவிலியரின் பொறுப்பு. மோசமடையும் உடம்பு பெரும்பாலும் முன்கூட்டியே சைகை காட்டும். அந்தச் சைகை சத்தமாக இருப்பதில்லை.

குடல் அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் இரவு ஒருவருக்குக் காய்ச்சல் 99, ரத்த அழுத்தம் 110/70. எழுதிவைக்க மட்டும் பழகியவர் இரண்டையும் குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்; இரண்டிலும் பயப்பட எதுவும் இல்லை. செவிலியர் மூச்சை எண்ணுகிறார். நிமிடத்துக்கு 28. பெரியவர்களுக்கு இயல்பு 12 முதல் 20. கேட்ட கேள்விக்கு நோயாளி சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். பகலில் வந்த சிறுநீரின் அளவு குறைந்திருக்கிறது. தனித்தனியாகச் சின்ன விஷயங்கள். சேர்த்துப் பார்த்தால் கிருமித்தொற்று ரத்தத்தில் பரவத் தொடங்கியிருக்கலாம். ரத்த அழுத்தம் விழும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு நிமிடத்துக்கு 25ஐத் தொட்டாலே உச்ச மதிப்பெண்ணான 3 விழுகிறது. அந்த ஒன்றுக்காகவே மருத்துவர் உடனடியாகப் பார்க்க வேண்டும்.

டிஜிட்டல் கருவி வைத்து அழுத்தமும் ஆக்சிஜனும் பார்ப்பதை ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுக்கலாம். எண்களைக் கோத்துப் பொருள் காண்பதை அப்படிச் சொல்லிக்கொடுக்க முடியாது. நடு இரவில் மூத்த மருத்துவரைத் தொலைபேசியில் எழுப்பி, "இந்த நோயாளியை நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்" என்று காரணத்தோடு வற்புறுத்தும் துணிச்சலும் அந்த அறிவிலிருந்துதான் வருகிறது.

ஆய்வுகள் காட்டுவது

இது செவிலியர்கள் தங்கள் தொழிலை உயர்த்திப் பேசும் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. லிண்டா எய்கன் தலைமையிலான ஆய்வுக் குழு 9 ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளில் 4 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் அதிகமான அறுவை சிகிச்சை நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் தி லான்செட் இதழில் முடிவுகளை வெளியிட்டது. ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடும்போது, 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதோடு அது தொடர்புடையதாக இருந்தது. செவிலியரில் பட்டப்படிப்பு படித்தவர்களின் பங்கு 10 சதவீதம் உயர்ந்தால் அந்த வாய்ப்பு 7 சதவீதம் குறைந்தது.

எல்லைக்கோட்டைப் பற்றிய கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வது அதே ஆய்வாளரின் குழு 6 ஐரோப்பிய நாடுகளில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு. 25 நோயாளிகளுக்கு ஒரு செவிலியரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் உதவியாளரை வைப்பது, இறப்புக்கான வாய்ப்பு 21 சதவீதம் அதிகரிப்பதோடு தொடர்புடையதாக இருந்தது. கட்டிலருகே நிற்கும் ஆட்களின் எண்ணிக்கை மாறவில்லை. நிற்பவர் யார் என்பது மாறியது. ஆள் கணக்கு மட்டும் காட்டி "எங்கள் மருத்துவமனையில் ஸ்டாஃபுக்குக் குறைவில்லை" என்று சொல்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய எண் இது.

எண்ணத்தின் வேர்

இத்தனை வேறுபாடு இருந்தும் சமூகத்தின் கண்ணுக்கு அது தெரியாததற்குக் காரணம் உண்டு. உடல் கழிவைத் தொடும் வேலை எதுவாயினும் தாழ்ந்தது என்று பார்த்துப் பழகிய சமூகம் இது. தீட்டு பார்த்த குடும்பங்கள் தங்கள் பெண்களை இந்தத் தொழிலுக்கு அனுப்ப மறுத்தன. தொடக்க காலத்தில் பெருமளவில் மிஷன் மருத்துவமனைகளும் கிறிஸ்தவப் பெண்களுமே இதைத் தாங்கிப் பிடித்தார்கள். மலமும் சீழும் ரத்தமும் தொடுபவர் யார் என்பதை மட்டும் பார்க்கிற கண்ணுக்குச் செவிலியரும் ஆயாவும் ஒன்றாகத்தான் தெரிவார்கள். அந்தக் கண் இருவரையும் சேர்த்தே இழிவுபடுத்துகிறது. பெண்கள் செய்யும் பராமரிப்பு வேலை எல்லாம் இயல்பிலேயே வருவது, அதற்குத் தனி அறிவு வேண்டாம் என்ற நினைப்பும் இதனுடன் சேர்கிறது.

ஆகவே இருவரின் வேறுபாட்டைச் சொல்வது ஏற்றத்தாழ்வை வளர்ப்பது என்ற எதிர்வாதம் நிற்காது. ஆயாம்மாவின் வேலைக்கு அதற்கே உரிய மதிப்பு இருக்கிறது. நோயாளியோடு அதிக நேரம் இருப்பவர் அவர். "பெரியவர் இன்னைக்கு வழக்கம் போல இல்லை, சிஸ்டர்" என்று அவர் சொல்லும் ஒரு வரி பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அவரை அரைகுறை நர்ஸாகக் காட்டுவதில் அவருக்கு மரியாதை இல்லை. பயிற்சி தராத வேலையை அவர் தலையில் கட்டி, பிழை நடந்தால் பழியையும் அவர் மேல் போடுவதுதான் நடைமுறையில் நிகழ்கிறது. வீட்டில் மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுக்கும் நோயாளிக்கு, இருமலில் அந்தக் குழாய் கொஞ்சம் வெளியே வந்துவிடுகிறது. "நீங்கதான் நர்ஸாச்சே, உள்ளே தள்ளிவிடுங்க" என்று குடும்பம் சொல்கிறது. மறுத்தால் வேலை போகும் என்று அவர் தள்ளிவிடுகிறார். குழாயின் நுனி மூச்சுப்பாதையில் இருந்தால் அடுத்து ஊற்றும் கஞ்சி நுரையீரலுக்குப் போகும். குழாயின் இடத்தை எப்படிச் சரிபார்ப்பது என்று அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அவருக்குப் பதிவும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

வழக்கமான மறுப்புகள்

அனுபவம் படிப்பை மிஞ்சும் என்பது முதல் மறுப்பு. இருபது வருஷம் வார்டில் இருந்த ஆயாவுக்குப் புதிதாக வந்த செவிலியரைவிட அதிகம் தெரியும் என்பார்கள். வழக்கமாக நடப்பதில் அது உண்மையாக இருக்கலாம். வழக்கத்துக்கு மாறாக ஒன்று நடக்கும்போது, ஏன் நடக்கிறது என்ற காரண அறிவு தேவைப்படுகிறது. நூறு பேருக்குச் சரியாக நடந்தது நூற்றியோராவது ஆளுக்கு ஏன் சரிப்படாது என்று அனுபவம் மட்டும் சொல்லிவிடாது. அனுபவமிக்க உதவியாளருக்கு ஆர்வம் இருந்தால் முறையாகப் படித்துச் செவிலியராக உயரும் வழியைத் திறந்துவிடுவதே நியாயம். இங்கிலாந்தில் உதவியாளருக்கும் செவிலியருக்கும் இடையில் நர்சிங் அசோசியேட் என்ற படிநிலை உருவாக்கப்பட்டு, 2019 முதல் அதற்கும் தனிப்பதிவு நடைமுறையில் இருக்கிறது.

செலவு என்பது இரண்டாம் மறுப்பு. நடுத்தரக் குடும்பம் ஒன்றால் வீட்டில் இரவும் பகலும் செவிலியரை வைத்துக்கொள்ள முடியாது. அப்படி வைக்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. முதுமையால் தளர்ந்தவருக்கு வேண்டியது பெரும்பாலும் பராமரிப்புப் பணியாளர்தான். செவிலியர் குறித்த இடைவெளியில் வந்து பரிசோதித்து, திட்டம் எழுதி, குழாய் மாற்றி, எதைக் கண்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிப்போவதும், அன்றாட வேலையைப் பராமரிப்புப் பணியாளர் செய்வதும் செலவிலும் கட்டுப்படியாகும். பராமரிப்பாளரை அனுப்பிவிட்டு 'ஹோம் நர்ஸ்' என்று பில் போடும் ஏஜென்சி, குடும்பத்தின் பணத்தையும் நம்பிக்கையையும் ஒருசேர ஏமாற்றுகிறது.

எல்லை அழிவதில் யாருக்கு லாபம்

தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் வழிகாட்டியது. அதன்படி அமைந்த மத்தியக் குழு, 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியமும், 50 படுக்கைக்குக் குறைவான இடங்களில் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாத ஊதியமும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பல இடங்களில் இந்தப் பரிந்துரை காகிதத்தோடு நின்றுவிட்டது. "நீ இல்லாவிட்டால் உன் வேலையைச் செய்ய ஆறு மாதப் பயிற்சி முடித்த பெண்கள் இருக்கிறார்கள்" என்று சொல்லும் நிலை இருக்கும்வரை எந்தச் செவிலியரும் ஊதியம் பேச முடியாது. உதவியாளருக்கோ செவிலியரின் வேலையும் உதவியாளரின் சம்பளமும்தான் கிடைக்கின்றன. இருவரிடமும் மிச்சம் பிடித்தது நிர்வாகத்தின் கணக்கில் சேர்கிறது.

பத்தாம் வகுப்பு முடித்த ஏழைப் பெண்களைக் குறிவைத்து, 'நர்சிங் பயிற்சி, நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்று சுவரொட்டி ஒட்டும் அங்கீகாரமற்ற நிறுவனங்கள் இன்னொரு பக்கம். கவுன்சிலில் பதிவு செய்ய முடியாத சான்றிதழுக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய பெண், வேலைக்குச் சேர்ந்த பிறகே தன் படிப்பு செல்லாது என்று அறிகிறார். கண்ணியமான பராமரிப்புப் பயிற்சி என்று உண்மையைச் சொல்லிச் சேர்த்திருந்தால் அவர் ஏமாந்திருக்க மாட்டார்.

செவிலியரின் பக்கமும் எல்லை அழிக்கப்படுகிறது. கணினியில் தகவல் ஏற்றுவது, மருந்துக்கும் துணிக்கும் இண்டென்ட் எழுதுவது, பரிசோதனை முடிவுக்காக லேபுக்கு ஓடுவது என்று செவிலியரின் ஷிப்ட் கரைகிறது. போதிய உதவியாளர்கள் இருந்திருந்தால் அந்த நேரம் நோயாளிக்குக் கிடைத்திருக்கும். உதவியாளர் குறைந்தால் செவிலியர் எழுத்தராகிறார். செவிலியர் குறைந்தால் உதவியாளர் செவிலியராக்கப்படுகிறார். இரண்டிலும் இழப்பு நோயாளிக்கே.

கோடு தெளிவாக இருக்கும் இடங்கள்

எல்லையை மதித்தால் இரு பணிகளும் சேர்ந்து எவ்வளவு செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். நோய்த்தணிப்புச் சிகிச்சை தேவைப்படும் படுத்த படுக்கையானவர்களிடம் அதற்கெனப் பயிற்சி பெற்ற செவிலியர் போகிறார். உடற்பயிற்சி தேவைப்படுபவர்களிடம் பிசியோதெரபிஸ்ட் போகிறார். யார் எதைச் செய்வது, எதைக் கண்டால் யாரிடம் அனுப்புவது என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்டது. தன்னார்வலரைச் செவிலியர் என்று சொல்லவில்லை. அதனால் அவர் பணியின் மதிப்பு குறையவும் இல்லை.

கடல் கடந்து போனவர்களுக்கும் இந்தக் கோடு நன்றாகத் தெரியும். 2022இல் பிரிட்டன் பராமரிப்புப் பணிக்கு விசா கதவைத் திறந்தபோது, தென்னிந்தியாவில் நர்சிங் முடித்த பலர் அங்குள்ள முதியோர் இல்லங்களில் கேரராகச் சேர்ந்தார்கள். கையில் பட்டம் இருந்தும், அந்நாட்டு நர்சிங் மற்றும் மிட்வைஃபரி கவுன்சிலில் பதிவாகும்வரை அவர்கள் செவிலியராகப் பணியாற்ற முடியாது. அறிவு இருப்பது மட்டும் போதாது, அந்த அறிவுக்குப் பொறுப்பேற்கும் பதிவும் வேண்டும் என்பதே அந்த விதியின் பொருள்.

உதவியாளரிடம் வேலையை ஒப்படைப்பது தவறன்று. ஒப்படைக்கும் முறை இருக்கிறது. எந்த வேலை, நோயாளியின் எந்த நிலையில், யாரிடம், என்ன சொல்லி, யாருடைய மேற்பார்வையில் என்ற ஐந்து கேள்விகளுக்கும் பதில் இருக்க வேண்டும். நிலை சீராக இருப்பவருக்கு உணவு ஊட்டும் வேலையை ஒப்படைக்கலாம். பக்கவாதம் வந்த முதல் நாளில், விழுங்க முடிகிறதா என்று சோதிக்காத நோயாளிக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கும் வேலையைக்கூட ஒப்படைக்கக் கூடாது. வேலை அதேதான், நோயாளியின் நிலை வேறு. அதை நிர்ணயிக்கும் பொறுப்பைச் செவிலியர் கைமாற்றிவிட முடியாது.

செய்ய வேண்டியவை

ஒவ்வொரு பணியாளரும் அணியும் அடையாள அட்டையில் அவர் செவிலியரா, உதவியாளரா என்பது தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். செவிலியர் என்றால் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். சீருடையின் நிறம் பணிக்குப் பணி வேறுபட வேண்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் ஒவ்வொரு வார்டிலும் பதிவு பெற்ற செவிலியர் எத்தனை பேர் என்று மருத்துவமனைகள் வாசலில் எழுதிவைக்க வேண்டும். வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சிகளுக்கு உரிமமும் ஆய்வும் தேவை. பராமரிப்பாளரை நர்ஸ் என்று சொல்லி அனுப்புவது தண்டனைக்குரிய ஏமாற்றாக வேண்டும். பராமரிப்புப் பணியாளருக்குத் தரப்படுத்திய பயிற்சியும், வேலை நேர வரம்பும், நோயாளியைத் தூக்கி முதுகு கெடாமல் இருக்கும் சாதனங்களும், எழுத்தில் உள்ள பணி எல்லையும், அந்த எல்லைக்கு வெளியே உள்ள வேலையை மறுக்கும் உரிமையும் வேண்டும்.

குடும்பங்களின் பங்கும் இதில் உண்டு. வீட்டுக்கு ஆள் எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: எந்தக் கவுன்சிலில் பதிவு, பதிவு எண் என்ன, இவர் எதைச் செய்ய மாட்டார்? முதலிரண்டுக்குப் பதில் இல்லையென்றால் வந்திருப்பவர் பராமரிப்புப் பணியாளர். அவரை அன்போடும் நியாயமான சம்பளத்தோடும் நடத்தி, ஊசியையும் குழாயையும் மருந்தின் அளவையும் அவர் கையில் திணிக்காமல் இருப்பது குடும்பத்தின் கடமை. மூன்றாம் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும் பணியாளர் நம்பத்தக்கவர். தன் எல்லை தெரிந்தவரிடம்தான் நோயாளி பத்திரமாக இருப்பார்.